நிரல்வழிப் பட்டை விளக்கப்படம்

நிரல்வழிப் பட்டை விளக்கப்படம் என்பது, வணிக அறிக்கைக் கருவி ஒன்றினுள் எழுதப்படும் சிறு நிரலைக் கொண்டு வரையப்படும் பட்டை விளக்கப்படம் ஆகும். வணிக அறிக்கைக் கருவி என்பது தரவுத்தளத்திலோ விரிதாளிலோ உள்ள தரவுகளைத் திரட்டி, அட்டவணைகளாகவும் படங்களாகவும் காட்டும் மென்பொருள் ஆகும். இத்தகைய கருவிகள் அனைத்திலும் ஆயத்தப் படவகைகள் உண்டு. அவை போதாத இடங்களில், படத்தின் தோற்றத்தையும் கணக்கீட்டையும் பயனரே முடிவு செய்வதற்கு நிரல் உதவுகிறது. பட்டையின் நீளம் கூலி, உற்பத்தி, இருப்பு போன்ற அளவுகளைக் குறிப்பதால், நிரலில் நேரும் சிறு தவறும் படத்தைப் பார்த்து எடுக்கப்படும் முடிவைப் பாதிக்கும். இக்கட்டுரை அத்தகைய படம் உருவாகும் முறையையும் அதில் கவனிக்க வேண்டியவற்றையும், திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணியின் பட்டு நெசவுத் தொழிலிலிருந்து எடுத்துக்காட்டு அமைத்து விளக்குகிறது.

கலைச்சொற்கள்

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பட்டை விளக்கப்படம் என வழங்குவது இலங்கையில் சலாகை வரைபு எனப்படுகிறது. ஒன்றோடொன்று தொடர்பற்ற வகைகளை ஒப்பிடுவதற்கு இது பயன்படுகிறது. பட்டைகளுக்கு இடையே இடைவெளி விடப்படும். தொடர்ச்சியான அளவுகளை இடைவெளியின்றிக் காட்டும் நிகழ்வுச் செவ்வகம் இதனின்றும் வேறானது. பட்டைகள் நின்ற நிலையிலோ கிடந்த நிலையிலோ அமையலாம். வகைகளின் பெயர்கள் நீளமாக இருப்பின் கிடைநிலைப் பட்டைகளே படிப்பதற்கு எளியவை.

வரலாறு

இசுக்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபேர் 1786 ஆம் ஆண்டு வெளியிட்ட வணிக, அரசியல் வரைபட நூலில், அந்நாடு 17 இடங்களுடன் நடத்திய ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாக வரைந்து காட்டினார். பல ஆண்டுகளுக்கான தரவு கிடைக்காமல் ஓராண்டுத் தரவு மட்டுமே கையில் இருந்ததால், காலக்கோட்டுக்குப் பதிலாக அவர் இவ்வடிவத்தைக் கையாண்டார். வணிகக் கணக்கைக் காட்டுவதற்கே பட்டை விளக்கப்படம் தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

கணினிக் காலத்தில், 1993 இல் வெளிவந்த எக்செல் 5 பதிப்பில் விசுவல் பேசிக் நிரல்மொழி சேர்க்கப்பட்டது. இதனால் அலுவலகப் பயனர்களும் நிரல் எழுதிப் படம் வரைய இயன்றது. எக்லிப்ஸ் அறக்கட்டளையின் கட்டற்ற அறிக்கைக் கருவியான பிர்ட், தன் முதற்பதிப்பை 2005 இல் வெளியிட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் பவர் பிஐ 2015 சூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதே ஆண்டு திசம்பரில் ஆர் மொழி நிரல்களையும், 2018 ஆகத்தில் பைத்தான் நிரல்களையும் கொண்டு படம் வரையும் வசதிகள் அதில் முன்னோட்டமாகச் சேர்க்கப்பட்டன. பைத்தானில் படம் வரையப் பெரிதும் பயன்படும் மேட்பிளாட்லிப் நூலகத்தை ஜான் ஹன்டர் உருவாக்கினார். அதன் முதல் வெளியீடு 2003 இல் நிகழ்ந்தது.

நிரல் பயன்படும் இரு முறைகள்

அறிக்கைக் கருவிகளில் நிரல் இரு வேறு முறைகளில் செயற்படுகிறது.

1. நிகழ்வு முறை: படத்தைக் கருவியே வரைகிறது. வரையும்போது குறிப்பிட்ட கட்டங்களில் பயனரின் நிரலை அழைக்கிறது. பிர்ட் கருவியில், ஒவ்வொரு பட்டையும் வரையப்படுவதற்கு முன்னர் ஜாவாஸ்கிரிப்டு செயற்கூறு ஒன்றை இயக்க முடியும். அப்பட்டையின் மதிப்பு ஓர் எல்லைக்குக் கீழிருந்தால் அதன் நிறத்தை மாற்றுவது போன்ற பணிகளை அச்செயற்கூறு செய்யும்.

2. முழுவரைவு முறை: கருவி தரவை மட்டும் நிரலிடம் கொடுக்கிறது. கூட்டுதல், வரிசைப்படுத்துதல், அச்சு அமைத்தல், வரைதல் ஆகிய அனைத்தையும் நிரலே செய்து, ஒரு படத்தைத் திருப்பி அளிக்கிறது. பவர் பிஐயின் பைத்தான், ஆர் படங்கள் இவ்வகையின.

முதல் முறையில் நிரலின் பொறுப்பு சிறிது. இரண்டாம் முறையில் உரிமையும் பொறுப்பும் மிகுதி. இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி இரண்டாம் முறையைப் பற்றியது.

பவர் பிஐயில் செயற்படும் முறை

பயனரின் கணினியில் பைத்தான் மொழியும், தரவுச் சட்டகங்களைக் கையாளும் பாண்டாசு நூலகமும், மேட்பிளாட்லிப் நூலகமும் நிறுவப்பட்டிருத்தல் வேண்டும். அறிக்கைப் பக்கத்தில் பைத்தான் படத்துக்கான பெட்டியைச் சேர்த்து, தேவையான புலங்களை அதற்குள் இழுத்து விட்டால், கருவி அப்புலங்களை ஓர் அட்டவணையாக்கி நிரலிடம் கொடுக்கும். நிரல் இயங்குவதற்கு முன் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்று தோன்றும். நிரல் பயனரின் கணினியில் இயங்குவதால், நம்பகமற்ற இடத்திலிருந்து வந்த கோப்பில் உள்ள நிரலை ஆராயாமல் இயக்குதல் தீங்கு விளைவிக்கக்கூடும்.

பட்டை விளக்கப்படம் வரையும் நிரல் பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டிருக்கும்.

1. மேட்பிளாட்லிப் நூலகத்தை அழைத்தல்.
2. கருவி தந்த அட்டவணையை வகைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் கூட்டுத்தொகை காணுதல்.
3. கூட்டுத்தொகைகளை வரிசைப்படுத்துதல். கிடைநிலைப் பட்டைகளில் முதல் வகை அடியில் வரையப்படுவதால், பெரிய பட்டை மேலே அமைய வேண்டுமெனில் ஏறுவரிசையில் அடுக்க வேண்டும்.
4. தொகை பெரிதாயின் இலட்சத்தால் வகுத்தல்.
5. பட்டைகளை வரைந்து, அளவு அச்சைச் சுழியத்தில் தொடங்குதல்.
6. ஒவ்வொரு பட்டையின் முனையிலும் அதன் மதிப்பை எழுதுதல். இதற்கான தனிச் செயற்கூறு மேட்பிளாட்லிப்பின் 3.4 பதிப்பில், 2021 இல் சேர்க்கப்பட்டது.
7. அச்சுகளுக்குப் பெயரும் அலகும் இடுதல்.
8. இறுதியில் படத்தைக் காட்டும் கட்டளையை இடுதல். இக்கட்டளை இல்லையெனில் படம் தோன்றாது.

எடுத்துக்காட்டு: ஆரணிப் பட்டு நெசவுக் கூலி

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள ஆரணி, பட்டுச் சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. கூட்டுறவு முறையில் நெய்யும் நெசவாளருக்குச் சங்கம் பட்டு நூலையும் சரிகையையும் கொடுக்கிறது. நெசவாளர் சேலையை நெய்து ஒப்படைத்துக் கூலி பெறுகிறார். கூலி நாட்கணக்கில் அன்றி, சேலையின் வகையைப் பொறுத்துச் சேலைக்கு இவ்வளவு என அமைவதால், ஒரே வகைச் சேலையை நெய்த பலருக்கும் கூலி ஒன்றாகவே இருக்கும். கூலிப் பதிவேட்டின் இவ்வியல்பே நிரல்வழிப் படத்தில் பெரும் பிழைக்கு இடமளிக்கிறது.

கீழ்க்காணும் ஐந்து பதிவுகள் விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டவை.

பற்றுச்சீட்டு 1: நெசவாளர் அ, மயில் கரை, 4,000 ரூபாய்
பற்றுச்சீட்டு 2: நெசவாளர் ஆ, மயில் கரை, 4,000 ரூபாய்
பற்றுச்சீட்டு 3: நெசவாளர் அ, மயில் கரை, 4,000 ரூபாய்
பற்றுச்சீட்டு 4: நெசவாளர் இ, மாங்காய்க் கரை, 5,500 ரூபாய்
பற்றுச்சீட்டு 5: நெசவாளர் ஈ, மாங்காய்க் கரை, 5,500 ரூபாய்

மயில் கரைக்கு 12,000 ரூபாயும் மாங்காய்க் கரைக்கு 11,000 ரூபாயும் ஆக மொத்தம் 23,000 ரூபாய் கூலி வழங்கப்பட்டுள்ளது. மயில் கரையின் பட்டையே நீளமானதாக இருத்தல் வேண்டும்.

மறையும் வரிசைகள்

பவர் பிஐ, நிரலிடம் அட்டவணையைக் கொடுப்பதற்கு முன், எல்லாப் புலங்களிலும் ஒத்திருக்கும் வரிசைகளை ஒன்றாக்கி விடுகிறது. நிரல் எழுதும் பெட்டியின் மேற்பகுதியில் உள்ள குறிப்பு வரிகளில் இது சொல்லப்பட்டிருப்பினும், பலர் அதைக் கவனிப்பதில்லை. இதனால் பின்வரும் விளைவுகள் ஏற்படும்.

கரை, கூலி ஆகிய இரு புலங்களை மட்டும் பெட்டியில் இட்டால், மயில் கரையின் மூன்று வரிசைகள் ஒன்றாகும். மாங்காய்க் கரையின் இரண்டும் ஒன்றாகும். நிரல் காணும் தொகைகள் முறையே 4,000, 5,500 ஆகும். மொத்தம் 9,500 மட்டுமே. பதிவேட்டில் முதலிடத்தில் உள்ள மயில் கரை, படத்தில் இரண்டாம் இடத்துக்குச் செல்கிறது.

நெசவாளர் புலத்தையும் சேர்த்தால் நிலை ஓரளவு திருந்தும். ஆயினும் நெசவாளர் அ நெய்த இரு சேலைகளும் ஒரே வரிசையாகிவிடும். மயில் கரைக்கு 8,000, மாங்காய்க் கரைக்கு 11,000, மொத்தம் 19,000 எனக் காட்டும். இப்பிழை முந்தியதைவிட ஆபத்தானது. தொகை நம்பத்தக்க அளவில் இருப்பதால் எளிதில் ஐயம் தோன்றாது. ஆனால் வரிசைமுறை இப்போதும் தவறாகவே உள்ளது. இதைப் பார்த்து மயில் கரைக்கான வேலை குறைக்கப்பட்டால், உண்மையில் அதிகம் நெய்யப்பட்ட வகை குறைவாக நெய்யப்பட்டதெனத் தீர்ப்பாகிவிடும். ஒரே வகையைத் தொடர்ந்து நெய்யும் நெசவாளரின் உழைப்பே இதில் அதிகமாக மறைகிறது.

பற்றுச்சீட்டு எண்ணையும் சேர்த்தால் ஒவ்வொரு வரிசையும் தனித்தன்மை பெறும். அப்போது மொத்தம் 23,000 எனச் சரியாக அமையும். நிரலில் எந்த மாற்றமும் செய்யாமல், கொடுக்கப்படும் புலங்களை மாற்றுவதாலேயே மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

தீர்வுகள்

- ஒவ்வொரு பதிவுக்கும் தனித்த எண்ணைத் தரும் புலம் ஒன்றைச் சேர்த்தல். மூலத் தரவில் அத்தகைய எண் இல்லையெனில், தரவை உள்வாங்கும்போதே வரிசை எண் இட்டுக்கொள்ளலாம்.
- கூலிப் புலத்தைக் கூட்டுத்தொகையாகக் கொடுக்குமாறு கருவியிலேயே அமைத்தல். நிரல்வழிப் படங்களில் இயல்பிருப்பு, கூட்டாமல் கொடுப்பதே ஆகும். கூட்டுத்தொகையாக மாற்றினால் கருவி முதலில் கூட்டிவிட்டுப் பின்னரே அட்டவணையைத் தரும்.
- மொத்தத்தைச் சரிபார்த்தல். நிரல் கண்ட மொத்தத்தைப் படத்தின் தலைப்பிலேயே எழுதச் செய்து, அருகில் கருவியின் ஆயத்த எண் அட்டையில் அதே புலத்தின் கூட்டுத்தொகையைக் காட்டலாம். இரண்டும் வேறுபட்டால் வரிசைகள் மறைந்துள்ளன எனக் கொள்ளலாம்.

அறிக்கை பலருடன் பகிரப்படுமாயின், நெசவாளர் பெயருக்குப் பதிலாக உறுப்பினர் எண்ணைப் பயன்படுத்துதல் நலம்.

அச்சும் அளவும்

பட்டை விளக்கப்படத்தில் நீளமே மதிப்பைக் குறிக்கிறது. எனவே அளவு அச்சு சுழியத்தில் தொடங்குதல் வேண்டும். இந்தியாவின் கைத்தறிக் கணக்கெடுப்புகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நெசவாளர்களையும் நெசவு சார்ந்த தொழிலாளர்களையும் சேர்த்த எண்ணிக்கை பின்வருமாறு:

1987-88: 67.39 இலட்சம்
1995-96: 65.51 இலட்சம்
2009-10: 43.31 இலட்சம்
2019-20: 35.22 இலட்சம்

முதற் கணக்கெடுப்புக்கும் நான்காவதற்கும் இடையே எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளது. சுழியத்தில் தொடங்கும் அச்சில் நான்காம் பட்டை முதற் பட்டையின் பாதியளவே இருக்கும். இதுவே உண்மை. அச்சை 30 இலட்சத்தில் தொடங்கினால், முதற் பட்டையின் நீளம் 37.39 அலகாகவும் நான்காவதன் நீளம் 5.22 அலகாகவும் அமையும். தொழிலாளர் எண்ணிக்கை ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியது போன்ற தோற்றம் இதனால் உண்டாகும்.

இத்தரவில் மற்றொரு சிக்கலும் உண்டு. கணக்கெடுப்புகளுக்கு இடையேயான காலம் சமமாக இல்லை. அவை முறையே 8, 14, 10 ஆண்டுகள். ஆண்டு எழுத்து வடிவில் இருந்தால் நிரல் அதனை ஒரு வகையாகக் கொண்டு, பட்டைகளைச் சம இடைவெளியில் வரையும். அவ்வாறு வரையப்பட்ட படத்தில் இரண்டாம் இடைவெளியின் வீழ்ச்சி 22.20 இலட்சம், மூன்றாவதன் வீழ்ச்சி 8.09 இலட்சம். முதலாவது இரண்டாவதைப் போல் 2.7 மடங்கு எனத் தோன்றும். ஆண்டுச் சராசரியாகக் கணக்கிட்டால் அவை ஏறத்தாழ 1.59 இலட்சமும் 0.81 இலட்சமும் ஆகும். அதாவது ஏறக்குறைய இரு மடங்கே. ஆண்டை எண்ணாக மாற்றி, பட்டைகளை அவ்வவ்வாண்டுக்குரிய இடத்தில் நிறுத்துமாறு நிரல் எழுதினால், பார்ப்பவர் கால இடைவெளியையும் சேர்த்து உணர்வார்.

பெரிய எண்களை எழுதும் முறையும் கருதத்தக்கது. மேட்பிளாட்லிப் பெரிய எண்களைப் பத்தின் அடுக்குகளாகச் சுருக்கி எழுதக்கூடும். ஆயத்தப் படங்களில் ஆயிரம், மில்லியன் என்ற அலகுகளே வழக்கம். இலட்சம், கோடி என்ற அலகுகளிலோ, 12,34,567 என்னும் இந்தியக் காற்புள்ளி முறையிலோ எண்களை எழுதுவதற்கு, நிரலில் சில வரிகள் சேர்த்தால் போதுமானது.

தமிழ் எழுத்துகள்

மேட்பிளாட்லிப்பின் இயல்பிருப்பு எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. ஆதலால் வகைப் பெயர்கள் தமிழில் இருந்தால் வெற்றுக் கட்டங்கள் தோன்றும். விண்டோசு இயங்குதளத்துடன் வரும் லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்களுள் ஒன்றை நிரலில் குறிப்பிட்டால் எழுத்துகள் தோன்றும். எனினும், எழுத்துகளை இணைத்து உருவமைக்கும் வசதி நெடுங்காலம் இந்நூலகத்தில் இல்லாதிருந்தது. அத்தகைய பதிப்புகளில் கெ, கொ போன்ற உயிர்மெய் எழுத்துகளின் கொம்பு, மெய்க்கு முன்னர் வராமல் பின்னர் வரும். இதைச் சரிபார்க்காமல் அறிக்கையை வெளியிட்டால் பெயர்கள் பிழையாகத் தோன்றும். ஆயத்தப் படங்களில் இச்சிக்கல் எழுவதில்லை.

நெசவுடன் ஒப்பீடு

பட்டுச் சேலையின் கரையிலும் முந்தியிலும் உருவங்களை அமைக்கச் சக்கார்டு பொறி பயன்படுகிறது. பிரான்சின் ஜோசப் மாரி சக்கார்டு 1804 இல் உருவாக்கிய இப்பொறியில், உருவம் முதலில் கட்டத்தாளில் வரையப்பட்டு, பின்னர் அட்டைகளில் துளைகளாக மாற்றப்படுகிறது. துளை உள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து பாவு நூலைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் நூல் அசையாது. துளையிட்ட அட்டையில் தரவைப் பதியும் முறையை எர்மன் ஒலெரித் 1890 ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கையாண்டார்.

அட்டைக்கோவையும் நிரலும் கட்டளைத் தொடர்களே. இரண்டுக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு யாதெனில், அட்டைக்கோவை ஒரே உருவத்தையே ஒவ்வொரு சேலையிலும் தரும். நிரலோ, தரவு மாறும்போது வேறு உருவத்தைத் தரும். கரையில் ஓர் அட்டை தவறினால் உருவம் சிதைந்து நெசவாளரின் கண்ணுக்கு உடனே தெரியும். நிரலில் ஒரு வரிசை தவறினால் பட்டை சற்றே குறுகும். படம் அழகாகவே இருக்கும். எனவேதான் மொத்தத்தைச் சரிபார்க்கும் பழக்கம் இன்றியமையாததாகிறது.

எல்லைகள்

- பவர் பிஐயில் நிரல்வழிப் படத்துக்கு 1,50,000 வரிசைகள் வரையே கொடுக்கப்படும். மிகுந்தவை விடப்பட்டு, படத்தின் மேல் அறிவிப்பு ஒன்று காட்டப்படும்.
- கணினியில் இயங்கும்போது கணக்கீடு ஐந்து நிமிடங்களைக் கடந்தால் நிறுத்தப்படும்.
- கிடைப்பது ஓர் அசையாப் படம். அதன் தெளிவு அங்குலத்துக்கு 72 புள்ளிகள். பிற படங்களில் செய்யும் தெரிவுக்கேற்ப இது மாறும். ஆனால் இதன் பட்டையைச் சொடுக்கிப் பிற படங்களை வடிகட்ட இயலாது.
- அறிக்கையை இணையச் சேவையில் ஏற்றிய பின்னர், இணையத்தை அணுகும் நூலகங்கள் செயற்படா. பயனரின் கணினியில் உள்ள கோப்பை நேரடியாகப் படிக்கும் நிரலும் அங்கு இயங்காது.

நிரலைத் தெரிவு செய்தல்

வகைவாரியான கூட்டுத்தொகையைக் காட்டுவது மட்டுமே நோக்கமெனில் ஆயத்தப் படமே சிறந்தது. அது விரைவானது, சொடுக்கத்தக்கது, தமிழை ஒழுங்காகக் காட்டுவது. பட்டைகளைக் கால இடைவெளிக்கேற்ப நிறுத்துதல், ஆயத்தப் படங்களில் இல்லாத புள்ளியியல் கணக்கீட்டைச் சேர்த்தல், ஒரே வடிவத்தைப் பல அறிக்கைகளில் மீண்டும் பயன்படுத்துதல் முதலிய தேவைகளுக்கு நிரல் ஏற்றது. நிரலை எழுதியவர் பணி மாறினாலும் பிறர் புரிந்துகொள்ளும் வகையில், எந்தப் புலங்கள் தேவை, எந்தப் புலம் வரிசைகளைத் தனித்தன்மையுடன் காக்கிறது என்பவற்றை நிரலின் தொடக்கத்திலேயே குறிப்பாக எழுதி வைத்தல் வழக்கமாகக் கொள்ளத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- பட்டை விளக்கப்படம்
- நிகழ்வுச் செவ்வகம்
- பைத்தான் நிரலாக்க மொழி
- ஆரணி
- கைத்தறி நெசவு